பழைய லோரிக்கு ஒரு ஜோடி ரப்பர்

(கிளையின் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் லோரிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படித்துவிட்டார். அதில் "மவுண்டிங் ரப்பர்" என்று ஒரு வரி வந்தபோது பின்வரிசையில் சிலர் சிரித்தது எங்கள் காதிலும் விழுந்தது. லோரி முழுவதையும் சீர்செய்ய ஆன செலவில், பெயிண்டுக்கும் டயருக்கும் அடுத்த பெரிய தொகை உள்ளங்கையில் அடங்கும் இரண்டு துண்டுகளுக்கு ஆகியிருக்கிறதென்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆகவே குழுவின் அறிக்கையாக அந்த ஒரு வரியை மட்டும் விளக்க உத்தரவு கேட்கிறோம். சந்தாப் பணத்தில் ஒரு சென்னையும் இதற்காகத் தொடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எல்லாம் தனியாக வசூலித்த பணம்.

பழைய ஸ்டோருக்குப் பின்னால் லாலான் புல் மூடிக் கிடந்த பெட்ஃபர்ட் லோரியை நீங்கள் யாவரும் அறிவீர்கள். 1962-ம் ஆண்டில் இந்தத் தோட்டத்துக்கு வந்தது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். விடியற்காலையில் பெரட்டு முடிந்ததும் ஆட்களை வெட்டுக்கு ஏற்றிச் சென்றது அதுதான். மத்தியானம் பால் ஏற்றியதும் அதுதான். பிரசவ வேதனையில் துடித்த தாய்மார்களை இரவோடிரவாக டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதுதான். இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலர் அந்த லோரியிலேயே பிறந்ததாகக் கூடக் கேள்வி. அதை ஓடவைத்து மே தின ஊர்வலத்தில் முன்னே விடவேண்டுமென்று சென்ற ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. குழுவில் கிராணி ஒருவர், பால் வெட்டுபவர்கள் இருவர், ஸ்டோர் உதவியாளர் ஒருவர், இவர்களோடு எண்பதைத் தாண்டிவிட்ட நம் பழைய டிரைவர் ஐயா. மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை.

பாடி தகரம் அடித்தோம். வயர்களை மாற்றினோம். பிரேக் சிலிண்டருக்கு ரப்பர் வளையங்கள் ஈப்போவில் கிடைத்தன. கார்புரேட்டரைக் கழுவினோம். இவற்றையெல்லாம் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பணமும் பொறுமையும் இருந்தால் யாரும் செய்யலாம். நாங்கள் முட்டிக்கொண்டு நின்ற இடம் மவுண்டிங்.

மவுண்டிங் என்றால் என்னவென்று தாய்மார்கள் கேட்கலாம். இஞ்சின் லோரியின் சட்டத்தின் மேல் நேராக உட்காருவதில்லை. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை வைத்து, ரப்பரும் இரும்பும் ஒன்றாகும்படி வேகவைத்து, ஒரு தகட்டை இஞ்சினிலும் மறு தகட்டைச் சட்டத்திலும் பூட்டியிருப்பார்கள். இஞ்சின் எவ்வளவு குதித்தாலும் அந்தக் குதிப்பு ரப்பரோடு அடங்கிவிடும். ஆதிகாலக் கார்களில் இஞ்சினை இரும்போடு இரும்பாகவே முடுக்கினார்கள். ஏறி உட்கார்ந்தவருடைய பல்லெல்லாம் ஆடும். 1931-ம் ஆண்டில் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரில் இஞ்சினை ரப்பர் மேல் மிதக்கவிட்டு, அதற்கு "மிதக்கும் சக்தி" என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தது. அடுத்த ஆண்டே பிரான்சின் சித்ரோவன் கம்பெனி அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. அதன் பிறகு ரப்பர் இல்லாத இஞ்சினைக் காண்பது அரிதாகிவிட்டது.

அந்த ரப்பர் பெரும்பாலும் நம் பால்மரத்து ரப்பர் என்பதைக் கவனிக்க வேண்டும். செயற்கை ரப்பர் எத்தனையோ வகை வந்துவிட்டது. எண்ணெயையும் கடுஞ்சூட்டையும் தாங்குவதில் அவற்றிற் சில நம்முடையதைவிட மேல். ஆனால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும் வேலைக்கு இன்றும் இயற்கை ரப்பரையே நாடுகிறார்கள். இழுக்க இழுக்க அதன் இழைகள் தாமே ஒழுங்காக அடுக்கி இறுகிக்கொள்வதால், ஓரிடத்தில் கீறல் விழுந்தாலும் அது எளிதில் ஓடிப் பிளப்பதில்லை. ஆடும்போது உள்ளே உண்டாகும் சூடும் குறைவு. அதற்குச் சத்துரு எண்ணெய். இஞ்சினிலிருந்து ஒழுகும் எண்ணெய் நாள்தோறும் சொட்டினால் ரப்பர் ஊதிப் பொதபொதவென்றாகி, தகட்டைவிட்டுக் கழன்றுவிடும். எங்கள் லோரியில் முன்பக்க மவுண்டிங் இரண்டும் அப்படித்தான் கிடந்தன. பின்பக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

நிற்க. தேடத் தொடங்கினோம். கிள்ளானிலும் ஈப்போவிலும் பழைய இரும்புக் கடை ஒன்றையும் விடவில்லை. ஜப்பான் லோரிக்கு எது வேண்டுமானாலும் உண்டு என்றார்கள். பெட்ஃபர்ட் என்றதும் தவுக்கேமார் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். 1987-ம் ஆண்டிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் பெட்ஃபர்ட் லோரித் தொழிலைக் கைகழுவிவிட்டது. அதை வாங்கிய ஏ.டபிள்யூ.டி. கம்பெனியும் 1992-ல் நொடித்துப்போயிற்று. பாகிஸ்தானில் மட்டும் பூவும் மயிலும் தீட்டிய பழைய பெட்ஃபர்ட்டுகள் இன்னும் ஓடுகின்றன என்று கேள்விப்பட்டு, நண்பர் ஒருவர் மூலம் அங்கே எழுதி, மூன்று மாதம் காத்திருந்து ஒரு பார்சல் வரவழைத்தோம். பிரித்துப் பார்த்தால் டீசல் இஞ்சினுக்கு உரியவை. ஒரு துவாரமும் ஒத்துவரவில்லை. தபால் செலவு போனது போனதுதான்.

"டயரை வெட்டி இரண்டு மடிப்பாக வைத்து போல்ட்டை முடுக்குங்கள், ஊர்வலத்தில் ஒரு மைல் ஓடத்தானே" என்றார் ஒரு கடைக்காரர். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. திரும்பி வந்து டிரைவர் ஐயாவிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு நாள் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டதற்கு, "தம்பி, டயர் துண்டு வைக்கிறதா இருந்தா என்னைக் கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

காரணம் பிறகுதான் விளங்கிற்று. மவுண்டிங்கின் பாகம் எண் தெரிந்தால் வெளிநாட்டில் கேட்க வசதியாயிருக்கும் என்று, ஆபீஸ் பரணில் கிடந்த பழைய இண்டெண்டுப் புத்தகங்களையும் ஸ்டோர் லெட்ஜரையும் நிர்வாகத்தின் அனுமதியோடு இறக்கினோம். கிராணி வேலை செய்பவர்களுக்குப் பழைய புத்தகத்தைப் புரட்டுவதில் ஒரு சபலம் உண்டு. பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தில் 1972 நவம்பரில் லோரிக்கு "முன் மவுண்டிங் ஒரு ஜோடி" வேண்டுமென்று டிரைவர் கொடுத்த இண்டெண்டு இருந்தது. ஓரத்தில் சிவப்பு மசியில் "அவசியமில்லை". 1973 பிப்ரவரியில் மறுபடியும் அதே இண்டெண்டு. "அடுத்த எஸ்டிமேட்டில் பார்க்கலாம்". மே மாதத்தில் மூன்றாவது முறை. அதற்குப் பதிலே எழுதப்படவில்லை.

1973 ஜூலையில் நடந்ததை வயதில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருபத்தாறு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறிய லோரி, உச்சியைத் தாண்டியும் வேகம் குறையாமல் இறக்கத்தில் பாய்ந்தது. டிரைவர் சாவியைத் திருகினார், பிரேக்கையும் மிதித்தார். பாரம் ஏற்றிய வண்டி அதற்குள் வேகம் பிடித்துவிட்டது. கீழே வளைவும், வளைவுக்கு அப்பால் ஆறும் இருந்தபடியால், ஸ்டியரிங்கை ஒடித்து மண் திட்டில் மோதி நிறுத்தினார். ஒரு தாய்க்குக் கால் முறிந்தது. அவருடைய மகள்தான் இன்று நம் மாதர் பகுதிக்குத் தலைவி. விசாரணை அரை நாளில் முடிந்தது. "டிரைவரின் கவனக்குறைவு" என்று பதிவாகியது. அவரைச் சம்பளமில்லாமல் மூன்று மாதம் நிறுத்திவைத்து, பிறகு வெளிக்காட்டு வேலைக்கு அனுப்பினார்கள். இந்தத் தோட்டத்தில் அவர் அதன் பிறகு ஸ்டியரிங் பிடிக்கவில்லை.

அந்தப் புத்தகத்தை அவர் முன்னே கொண்டுபோய் வைத்த பிறகுதான் நடந்ததைச் சொன்னார். மவுண்டிங் கேட்டுக் கிடைக்காமல், சும்மா நிற்க முடியாமல், அவரே டயர் துண்டை வெட்டி அடைத்திருக்கிறார். மேட்டில் இஞ்சின் முக்கும்போது அது ஒரு பக்கமாக எம்பப் பார்க்கும். தகட்டோடு ஒட்டிய மவுண்டிங் இருந்தால் பிடித்து இழுத்துக்கொள்ளும். வெறுமனே அடைத்த டயர் துண்டு கீழே நசுங்குமே தவிர மேலே எம்புவதைப் பிடிக்காது. போல்ட்டும் தளர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இஞ்சின் எம்பியது, ஆக்ஸிலரேட்டர் கம்பியை அதுவே இழுத்துத் திறந்துகொண்டது. "நான்தான் வெட்டி வச்சேன், அதனால எதுத்துப் பேசல" என்றார் ஐயா. ஐம்பது வருடமாக அந்தக் குற்றத்தைத் தன்மேலேயே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இது ஏதோ கற்பனை என்று எவரும் ஒதுக்க முடியாது. 1971 டிசம்பரில், அதாவது நம் விபத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்பே, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சுமார் 67 இலட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மவுண்டிங் ரப்பர் பிரிந்தால் இஞ்சின் எம்பி, ஆக்ஸிலரேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதே காரணம். இஞ்சின் எம்பாதபடி பிடித்துக்கொள்ள ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கம்பிவடம் பூட்டினார்கள். நம் லோரியின் மவுண்டிங் வேறு அமைப்பு. அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல இடமில்லை. பதினோரு வருடம் உழைத்து எண்ணெயில் ஊறிய ரப்பரை மாற்றித் தரும்படி மூன்று முறை எழுதிக் கேட்டும் மாற்றித் தரவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

லெட்ஜரில் இன்னொரு வரியும் இருந்தது. 1973 ஆகஸ்டில், விபத்து நடந்து மூன்று வாரம் கழித்து, "பெட்ஃபர்ட் முன் மவுண்டிங் இரண்டு ஜோடி" வரவு. ஒரு ஜோடி பற்று. மீதி ஒரு ஜோடி பற்று எழுதப்படவே இல்லை. கேட்டபோது கிடைக்காத சாமான், கால் முறிந்த பிறகு இரண்டாக வந்திருக்கிறது! கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கிராணி மூளை வேறு விதமாக ஓடியது. பற்று எழுதாத சாமான் ஸ்டோரில் இருந்தாக வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரைக் குடைந்தோம். உளி, பால் கிண்ணம், துருப்பிடித்த மருந்துத் தோண்டி, பாம்புச் சட்டை எல்லாம் வந்தன. கடைசியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள், மெழுகுக் காகிதத்தில் சுற்றியபடி அந்த ஜோடி கிடைத்தது. ஸ்டோர் உதவியாளர் போட்ட கூச்சலில் பக்கத்து லயத்தார் பாம்பு கடித்துவிட்டதென்று ஓடிவந்தார்கள்.

பார்வைக்குப் புதிது. நகத்தால் அழுத்தினோம், பதியவில்லை. ஐயா ஒரு தகட்டைப் பிடித்து இலேசாக நெம்பினார். ரப்பர் அப்பளம் போல ஓரத்தில் உரிந்து வந்தது. டின் துருப்பிடித்து, ஈரம் ஏறி, தகட்டின் ஓரத்திலிருந்து ரப்பருக்கு அடியில் துரு புகுந்திருந்தது. வயதினால் மட்டும் ரப்பர் சாவதில்லை. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து ரயில் பாலம் ஒன்றில் 1889-ம் ஆண்டில் வைத்த இயற்கை ரப்பர் மெத்தைகளை ஏறக்குறைய நூறு வருடம் கழித்து ஆராய்ந்தபோது, வெளித்தோல் மட்டுமே கெட்டு உள்ளே நன்றாயிருந்ததாகக் கண்டிருக்கிறார்கள். நம் டின்னில் தோற்றது ரப்பரைவிட ஒட்டுதான். ஆயினும் அடியில் தகடுகள் உறுதியாக இருந்தன. வளைவு, துவாரம், அளவு யாவும் அச்சாக இருந்தன. மாதிரி கிடைத்துவிட்டது.

கிள்ளான் வட்டாரத்தில் மிஷின் கால்களுக்கு ரப்பர் செய்யும் ஒரு சிறு பட்டறையைப் பிடித்தோம். இரண்டு துண்டுக்காக அச்சு வெட்டச் சொன்னதற்குத் தவுக்கே முதலில் தலையை ஆட்டினார். ஐயா கதையைச் சொன்னதும் அச்சுக்கு 800 வெள்ளி, மற்றது இலவசம் என்று ஒப்புக்கொண்டார். ரப்பர் நம் தோட்டத்துப் பாலாக இருக்க வேண்டுமென்று தாய்மார்கள் பிடிவாதம் செய்தார்கள். நம் நாட்டுக் கையுறைத் தொழிற்சாலைகளே தாய்லாந்திலிருந்து பால் தருவிக்கும் காலத்தில் இது ஒரு வீம்பு என்று எங்களில் சிலர் நினைத்ததும் உண்மை. இருந்தாலும் எஞ்சியிருக்கும் நாற்பது ஏக்கரில் வெட்டிய பாலை நிர்வாகத்தைக் கேட்டு வாங்கி, அமிலம் விட்டு உறையவைத்து, கை மிஷினில் ஷீட் போட்டுப் புகையிட்டுக் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்படிச் சுத்தமான ஷீட் பார்த்து வெகுநாள் ஆயிற்று" என்றார் தவுக்கே.

செய்முறையைச் சொல்லிவைக்கிறோம், வேறு கிளைக்குப் பயன்படலாம். தகடுகளில் ஒட்டிய பழைய ரப்பரைச் சுரண்டி, மணல் அடித்து வெள்ளையாக்க வேண்டும். அதன் பிறகு விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசையே ஒட்டைக் கெடுக்கும். இருவகைப் பசையை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசி உலர்த்த வேண்டும். முற்காலத்தில் தகட்டுக்குப் பித்தளை முலாம் பூசினார்கள். ரப்பரில் கலந்த கந்தகம் பித்தளையைப் பற்றிக்கொள்ளும். ஷீட்டை அரைத்துக் கரித்தூள், கந்தகம், துத்தநாக ஆக்சைடு முதலியன கலந்து, தகட்டோடு அச்சில் வைத்து, 150 டிகிரி அளவுச் சூட்டில் அழுத்தி வேகவைக்க வேண்டும்.

முதல் ஜோடி தோல்வி. கரித்தூள் கூடிப்போய்க் கடினம் 70 டிகிரிக்கு வந்துவிட்டது. இஞ்சினை உட்காரவைத்து ஓட்டியபோது லோரி கரும்பு மிஷின் போல அதிர்ந்தது. அடுத்த ஜோடியைக் கடினமானியில் 50 டிகிரி காட்டும்படி கலந்தார்கள். லோரியில் பூட்டுமுன் அதே கலவையில் பழைய தகடு ஒன்றிலும் செய்து, வைஸில் கடித்து, சங்கிலி போட்டு இழுத்துப் பார்த்தார் தவுக்கே. தகட்டைவிட்டு உரிந்தால் ஒட்டு மோசம். ரப்பர் நடுவில் கிழிந்தால் ஒட்டு நல்லது. நடுவில் கிழிந்தது. கிழிந்த அந்தத் துண்டைத்தான் அதோ மேசைமேல் வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் எடுத்துப் பார்க்கலாம்.

சென்ற மாதம் முதல் ஞாயிறன்று, பின்பக்கத்துக்குத் தற்காலிகமாகக் கட்டை கொடுத்து, நிறுத்திய இடத்திலேயே இஞ்சினைக் கிளப்பினோம். சாவியை ஐயாவிடம் கொடுத்தோம். மூன்றாவது திருகலில் பிடித்தது. ஆக்ஸிலரேட்டரைப் படபடவென்று மிதித்து, பானட்டுக்குள் எட்டிப் பார்த்தபடி இருந்த எங்களிடம், "எம்புதா?" என்று கேட்டார். எம்பவில்லை என்றோம். மறுபடி மிதித்து மறுபடி கேட்டார். நாலைந்து தடவை கேட்டார்.

இனி ஆகவேண்டியது இரண்டு. மூன்று இண்டெண்டுகளின் நகலையும் லெட்ஜர் பக்கத்தின் நகலையும் இணைத்து, 1973-ம் ஆண்டு விசாரணைப் பதிவில் திருத்தம் எழுதிச் சேர்க்கும்படி இன்றைய நிர்வாகத்துக்குக் கிளை கடிதம் எழுதியிருக்கிறது. தோட்டம் கைமாறி இப்போதுள்ள நிர்வாகம் வேறு என்பது தெரியும். புத்தகம் அவர்கள் அலமாரியில்தான் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. சம்பளமில்லாத அந்த மூன்று மாதத்தைப் பற்றி ஐயா ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டிருக்கிறோம்.

இரண்டாவது, பின்பக்க மவுண்டிங். அவற்றின் தகடுகள் துருவேறி உதிர்ந்துவிட்டன. மாதிரி இல்லாமல் அச்சு வெட்ட முடியாது. அவை கிடைக்கும்வரை லோரியில் ஒருவரையும் ஏற்றுவதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது. மே தினத்துக்குள் கிடைக்காவிட்டால் லோரி ஸ்டோர் வாசலிலேயே நிற்கும். ஊர்வலம் அதைச் சுற்றிக்கொண்டு போகட்டும். கோபித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நாங்கள் பதில் சொல்லிக்கொள்கிறோம்.

இந்த உரை பத்திரிகையில் வருமானால் மற்றத் தோட்டத்துத் தோழர்கள் கவனிக்க வேண்டுகிறோம். உங்கள் ஸ்டோரைக் காலி செய்யும்போது பெட்ஃபர்ட் ஜே வகை லோரியின் பின் மவுண்டிங், ரப்பர் செத்துப்போனதாக இருந்தாலும் பாதகமில்லை, தகடு முழுசாக இருந்தால் எறிந்துவிடாமல் எடுத்துவையுங்கள். திருகுகளோடு எடுங்கள், அவை அங்குலக் கணக்கு, இன்றைய மில்லிமீட்டர் நட்டு ஏறாது. பக்கத்தில் பழைய இண்டெண்டுப் புத்தகங்கள் கிடந்தால் அவற்றையும் எரிக்க விடாதீர்கள். தகவலைக் கிளைக் காரியாலயத்துக்கு எழுதினால் நாங்களே வந்து பெற்றுக்கொள்கிறோம்.